கல்யாண அடுப்படியில் நின்றுகொண்டு சிகரெட்டை விட முடியுமா? நிகோடின் கம், பேட்ச் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர் சமையல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது நாற்பத்து நான்கு, கல்யாணச் சமையல் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கல்யாணம், சாந்தி, புதுமனை என்று கூப்பிடுகிற இடத்துக்கு ஆட்களோடு போய்ச் சமைத்துக் கொடுக்கிறேன். சின்ன வயதில் சமையல் எடுபிடியாகச் சேர்ந்தபோது பழகிய சிகரெட் இன்னும் விடவில்லை. சாதாரண நாளில் பன்னிரண்டு பதினைந்து ஓடும், முகூர்த்த நாளில் அதற்கு மேலேயே போகும், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி முதல் பந்தி எழுந்திருக்கும் வரை டீயும் சிகரெட்டும்தான் ஆளை நிற்க வைக்கிறது.

விட வேண்டும் என்று நினைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பிபி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், டாக்டர் புகையை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது என் தொழில். வெண்டைக்காய் மண்டி கொதிக்கிறபோது வாசனையை வைத்தே உப்பு புளி சரியா என்று சொல்லிவிடுவேன், இப்போது மூக்குக்கு அது எட்டவில்லை, பக்கத்தில் நிற்கிற பையனை ருசி பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய கவலை என்ன இருக்கிறது.

மருந்துக்கடையில் நிகோடின் கம் 2 மில்லிகிராம் ஓர் அட்டை வாங்கினேன். எப்படி மெல்ல வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. வாயில் போட்டு மென்றால் தொண்டை காந்துகிறது, விக்கல் நிற்கவே இல்லை, வயிறு புரட்டுகிறது. இது எல்லோருக்கும் வருவதா, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? கையில் ஒட்டுகிற பேட்ச் என்று ஒன்று இருக்கிறதாம், விறகடுப்பு முன்னால் வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு அது நிற்குமா? அப்புறம் ஒரு சந்தேகம். சிகரெட்டில் இருப்பதும் நிகோடின், இதில் இருப்பதும் நிகோடின் என்றால் நான் எதை விடுகிறேன்? பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


புதுவயல் மில்காரர் பதில்:

அண்ணே, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. பெயரில் கம் என்று இருப்பதால் எல்லோரும் சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளிவிடுகிறோம், அதில்தான் விக்கலே வருகிறது. எனக்கு ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். ஒன்றை வாயில் போட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக, பத்துப் பதினைந்து தடவை கடியுங்கள். மிளகைக் கடித்த மாதிரி ஒரு காரம் சுர்ரென்று வரும். வந்த உடனே மெல்வதை நிறுத்திவிட்டுக் கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷம் போல அப்படியே இருக்கட்டும். காரம் குறைந்ததும் திரும்ப நாலு கடி, திரும்பக் காரம், இந்தத் தடவை வேறு பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். அதற்கப்புறம் கடித்தாலும் காரம் வராது, அப்போது துப்பிவிடலாம்.

மருந்து ஏறுவது கன்னத்துச் சதை வழியாகத்தான். மென்று மென்று எச்சிலை விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போகிறது, அங்கே போய் ஒரு பிரயோஜனமும் இல்லை, விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். எச்சில் நிறைய ஊறினால் பாதிப் பேர் விழுங்கிவிடுகிறார்கள். ஊறுகிறதென்றால் வேகமாக மெல்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. சிகரெட்டை இழுத்தால் பத்து இருபது வினாடியில் மூளைக்கு நிகோடின் போய்விடும். கம் அப்படி இல்லை, ஏறி முடிக்க இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதனால் ஏக்கம் தலைக்கேறி யாரையாவது திட்டப் போகிற நேரத்தில் வாயில் போட்டு, ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியவில்லை, இது ஏமாற்று வேலை என்று எறியக் கூடாது. உங்களுக்கு எந்த நேரத்தில் கை பாக்கெட்டுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் நெல் அவிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன், எனக்கும் புகையும் ஆவியும் பழக்கம்தான். காலையில் குளித்துவிட்டு பேட்ச் ஒன்று மேல்கையில் ஒட்டிக்கொண்டு, இடையில் தாங்க முடியாதபோது மட்டும் கம் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினேன். பேட்சை ராத்திரியும் வைத்துக்கொண்டு படுத்தால் கனவு கண்டபடி வரும், நிஜம் மாதிரியே வரும், படுக்கப் போகும்போது எடுத்துவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை. ஒட்டிய இடத்தில் லேசாக அரிக்கும், தினம் இடம் மாற்ற வேண்டும். வாசனை விஷயத்தில் கவலையே வேண்டாம் அண்ணே. நெல் அவிந்து இறக்குகிறபோது வருகிற வாசனை எனக்கு வருஷக்கணக்கில் மறந்தே போயிருந்தது, விட்ட பிறகு திரும்ப வந்தது.


பள்ளத்தூர் மருந்தாளுநர் பதில்:

மேலே மில்காரர் மெல்லும் முறையைச் சரியாகச் சொல்லிவிட்டார், நானும் கவுண்டரில் நின்று இதைத்தான் தினம் சொல்கிறேன். ஆனால் உங்கள் வேலைக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது அண்ணே. டீ.

நிகோடின் கன்னத்தின் வழியாக ஏற வேண்டுமென்றால் வாயில் புளிப்புத்தன்மை இருக்கக் கூடாது, அதற்கு எதிரான காரத்தன்மை வேண்டும், மிளகுக் காரத்தைச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலையோடு புகையிலை போடும்போது சுண்ணாம்பு தடவுவார்களே, அது என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைச் செய்ய கம்மில் சோடா உப்பு வகை ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் டீயோ காபியோ, எலுமிச்சை ஜூஸோ, சோடாவோ, ரசமோ குடித்த வாயோடு கம்மைப் போட்டால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும், மருந்து ஏறாது. அதனால் கம் போடுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலிருந்தும், வாயில் இருக்கிற நேரத்திலும், தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். கம்மால் பலனில்லை என்று என்னிடம் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் டீக்கடையில் ஒரு கையில் கிளாசும் வாயில் கம்முமாக இருப்பவர்கள்தான்.

டீயில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில தார்ச் சேர்மங்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் இருக்கிற காஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். இதைச் செய்வது புகைதான், நிகோடின் இல்லை, அதனால் கம் மென்றாலும் பேட்ச் ஒட்டினாலும் இது நடக்காது. புகையை நிறுத்தியதும் அதே ஐந்து டீ ஏறக்குறைய இரட்டிப்பாக வேலை செய்ய ஆரம்பிக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. ஆள் என்ன நினைப்பார்? சிகரெட் விட்டதால் வருகிறது, ஒன்று அடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். விடுகிற நாளிலிருந்து டீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ராத்திரி அடுப்பு வேலைக்கு சுக்கு மல்லி காபி என்று மாற்றிக்கொள்ளலாம், அதில் காபித்தூள் போடாமல்.

நீங்கள் கேட்ட பேட்ச் விஷயம். அடுப்பு அனலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேர்வையில் உரிந்துவிடும் என்பது சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம், சூடு பட்டால் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி பேட்சிலிருந்து மருந்து வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். தலைசுற்றல், குமட்டல், நெஞ்சுத் துடிப்பு வரும். கொதிக்கிற அண்டா பக்கத்தில் நிற்கிறவருக்குத் தலை சுற்றக் கூடாது. வேலை இல்லாத நாளில் ஒட்டலாம். இடுப்புக்கு மேலே, முடி இல்லாத, காய்ந்த தோலில், எண்ணெய் பவுடர் தடவாமல் ஒட்ட வேண்டும். பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர்களுக்கு வழக்கமாக 21 மில்லிகிராமில் ஆரம்பித்து ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம் என்று இறங்குவார்கள். வெட்டிப் பாதியாக ஒட்டக் கூடாது.

கம்மில் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எது யாருக்கு என்பதற்கு ஒரு சுலபமான கேள்வி இருக்கிறது: தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் 4, அதற்கு மேல் தாக்குப்பிடிப்பவர் என்றால் 2. முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு வாரம். ஒரு நாளைக்கு 24க்கு மேல் போகக் கூடாது. ஆனால் எங்கள் அனுபவத்தில் யாரும் கூடுதலாகப் போடுவதில்லை, குறைவாகப் போட்டுத்தான் தோற்றுப்போகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்றால் எப்படிச் செய்யும்?

எதை விடுகிறேன் என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. நிகோடின் அடிமையாக்குகிறது. ஆனால் நுரையீரலையும் ரத்தக் குழாயையும் கெடுத்துப் புற்றுநோய் கொண்டுவருவது பெரும்பாலும் புகைதான், அதில் இருக்கிற தார், கார்பன் மோனாக்சைடு, இன்னும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள். கம்மில் அது எதுவும் கிடையாது. 2 மில்லிகிராம் கம்மிலிருந்து உடம்புக்கு வருவது ஏறக்குறைய 1 மில்லிகிராம், அதுவும் மெதுவாக வருகிறது, சிகரெட் மாதிரி ஒரே பாய்ச்சலாக இல்லை. அதனால்தான் அதைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த முடிகிறது.


கண்டனூர்க்காரன் பதில்:

எல்லோரும் மருந்தையே சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா? என் மாமா ஒரே நாளில் தூக்கிப் போட்டார், அப்புறம் தொடவே இல்லை. மனசு வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் சிகரெட்டையும் விற்பான், விடுவதற்கு மிட்டாயையும் விற்பான். அப்படி ஏதாவது வேண்டுமென்றால் துளசி, கிராம்பு போட்ட மூலிகை சிகரெட் கிடைக்கிறது, புகையிலையே இல்லை, அதைப் பிடித்துப் பழகலாமே. சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறிக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள்.


தேவகோட்டை ஆசிரியை பதில்:

தம்பி, உங்கள் மாமா ஒரே நாளில் விட்டது சந்தோஷம், அவரை மாதிரி விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அப்படி விட முடியாதவர்களுக்கு மனசு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போவார், மாலை போட்டால் ஒரு இழுப்பு கூட இழுக்க மாட்டார். அத்தனை கட்டுப்பாடு உள்ள மனிதர்தான் மாலையைக் கழற்றியதும் பழையபடி ஆரம்பித்துவிடுவார். மனசு இல்லாமலா விரதம் இருந்தார்? விரதத்தின்போது கூட வருகிறவர்கள் யாரும் பிடிப்பதில்லை, டீக்கடையில் நிற்பதில்லை, நாள் முழுக்க நடை. திரும்பி வந்து வண்டியை எடுத்ததும் அதே ஸ்டியரிங், அதே டீக்கடை, அதே கூட்டாளிகள். உடம்பு அதைத்தான் கேட்கிறது.

போன வருஷம் மாலை போட்ட அன்றே கம்மும் சேர்த்து ஆரம்பித்து, மாலையைக் கழற்றிய பிறகும் கம்மை நிறுத்தாமல் தொடர்ந்தார். அதுதான் வித்தியாசம். பழனிக்குப் போய் வந்த பிறகுதான் மருந்துக்கே வேலை ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

மூலிகை சிகரெட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். துளசியை எரித்தாலும் தார் வரும், கார்பன் மோனாக்சைடு வரும். பீடி அதைவிட மோசம், அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் புகை இன்னும் ஆழமாகத்தான் போகும். வேப் என்கிற மின் சிகரெட்டை யாராவது கொண்டுவந்து நீட்டினால் அதுவும் வேண்டாம், 2019ல் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், திருட்டுத்தனமாக விற்பதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சமையல் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிற அளவு வரும். இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம், பிறகு இறங்கும். மலச்சிக்கல் வரும், பசி கூடும். இதெல்லாம் விடுவதால் வருவது, போய்விடும் என்று தெரிந்திருந்தால் வீட்டில் சண்டை வராது. எனக்கு முதலில் தெரியாது, பிறகு சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 எண்ணுக்குக் கூப்பிட்டோம். காசு கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள், திட்டாமல் கேட்கிறார்கள். எந்தத் தேதியில் விடப் போகிறீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.


பள்ளத்தூர் மருந்தாளுநர் பதில்:

ஆசிரியை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்டனூர்த் தம்பி, இது வியாபாரத்துக்காக நேற்று வந்த மிட்டாய் இல்லை. 1960களின் கடைசியில் ஸ்வீடனில் யோசித்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளிப்பதைப் பார்த்த மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவர், புகையிலையே இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன என்று கேட்டதில் பிறந்தது. 1978ல் ஸ்விட்சர்லாந்தில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, நம் நாட்டின் பட்டியலில் 2022ல் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தில்லாத கம், பேட்ச் கொடுக்கப்பட்டவர்கள் அல்லது எதுவும் கொடுக்கப்படாதவர்களைவிட இதைப் பயன்படுத்தியவர்கள் விட்டுவிடும் வாய்ப்பு ஐம்பது அறுபது சதவீதம் அதிகம். பேட்சும் கம்மும் சேர்த்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இன்னும் கூடும்.

இதை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்தியும் விட முடியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு டாக்டர் சீட்டில் கொடுக்கிற மாத்திரைகளும் உண்டு. ஆனால் மனசு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று பிரித்து ஏன் சண்டை போட வேண்டும்? மனசு இருக்கிறவர்தானே கடைக்கு வந்து கம் கேட்கிறார்.


கோட்டையூர் சமையல் பதில்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மில்காரத் தம்பி சொன்ன மாதிரி ஒதுக்கி வைத்துப் பார்த்தேன், விக்கல் இல்லை. காரம் சுர்ரென்று வருவது இப்போதுதான் தெரிகிறது. எனக்கு முதல் சிகரெட் பல் விளக்கி, குளித்து, டீ போட்ட பிறகுதான், அதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும், அப்படியென்றால் 2 மில்லிகிராமே போதும் போல.

இன்னும் மூன்று விஷயம் கேட்கிறேன். நான் குழம்பு, ரசம், பச்சடி எல்லாம் ருசி பார்த்தாக வேண்டும். கம் வாயில் இருக்கும்போது அது எப்படி? இரண்டாவது, பிபி மாத்திரையோடு இது சேருமா? மூன்றாவது, எப்போது ஆரம்பிப்பது? இந்த ஆனியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் அடுப்படியில் ஆட்களிடம் எரிந்து விழுவேனோ என்று பயமாக இருக்கிறது. பையன்கள் எல்லோரும் பிடிப்பவர்கள் வேறு.


புதுவயல் மில்காரர் பதில்:

அண்ணே, மூன்றாவது கேள்விக்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, உங்களுக்கு வேலை குறைவு. ஆடி ஒன்றாம் தேதியை விடுகிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் உடம்பு படுகிற பாடு பெரும்பாலும் முடிந்துவிடும், ஆவணி முகூர்த்தத்துக்கு அடுப்பு மூட்டும்போது நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருப்பீர்கள். மார்கழியும் அப்படித்தான், ஆனால் அதுவரை ஏன் தள்ள வேண்டும். அடுப்படி இல்லாத மாதம் என்பதால் பேட்சும் ஒட்டிக்கொள்ளலாம், வீட்டில் அனல் இல்லையே. ஆவணியில் வேலை நாளுக்குக் கம் மட்டும்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். இப்போதே வேலைக்குப் பாக்கெட்டோடு போகாதீர்கள், வேண்டுமென்றால் வெளியே போய் ஒவ்வொன்றாக வாங்குங்கள், நடக்கிற சோம்பலிலேயே பாதி குறையும். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் வீட்டில் இருக்கிற லைட்டர், தீப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், அடுப்புக்கு வேண்டிய தீப்பெட்டி அண்ணி கையில் இருக்கட்டும். பையன்களிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், என் முன்னால் பிடிக்காதே, கேட்டாலும் கொடுக்காதே என்று. எனக்கு மில்லில் மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர்தான் காவல், நான் கை நீட்டினால் நீட்டிய கையில் வேர்க்கடலை வைப்பார்.


பள்ளத்தூர் மருந்தாளுநர் பதில்:

ஆடி யோசனை அருமை. அப்படியே செய்யுங்கள்.

ருசி பார்க்கிற விஷயம். கல்யாணச் சமையலில் நீங்கள் நாள் முழுக்க ருசி பார்ப்பதில்லை, குழம்பு கூட்டும் நேரம், இறக்கும் நேரம் என்று குறிப்பிட்ட வேளைகள்தானே. காய் நறுக்கும் நேரம், அரைக்கும் நேரம், உலை கொதிக்கக் காத்திருக்கும் நேரம், இவை கம்முக்கு. ருசி பார்க்கும் முன் கம்மை எடுத்துவிடுங்கள், ருசி பார்த்த பிறகு வாயைத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்து, கால் மணி நேரம் விட்டு அடுத்ததைப் போடுங்கள். புளிக்குழம்பும் ரசமும் டீயைவிடப் புளிப்பு, அதனால் இந்தக் கால் மணி நேரத்தில் சலுகை கிடையாது. மெல்லவே பிடிக்கவில்லை என்றாலோ, பல்செட் இருந்து கம் ஒட்டிக்கொள்கிறது என்றாலோ, அதே 2 மில்லிகிராமில் சப்பிக் கரைக்கிற மாத்திரை கிடைக்கும். அதையும் கடிக்காமல், விழுங்காமல், கன்னத்தில் ஒதுக்கி இருபது முப்பது நிமிஷம் கரைய விட வேண்டும். டீ விதி அதற்கும் அதேதான்.

பிபி மாத்திரையோடு கம் பொதுவாகச் சேரும், கட்டுக்குள் இருக்கிற பிபிக்குச் சிகரெட்டைவிட கம் எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், குறிப்பாக பேட்சும் கம்மும் சேர்த்துப் போடுவதாக இருந்தால். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்கள், துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கடையில் வாங்கித் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், புகையை விட்ட பிறகு சர்க்கரை அளவு மாறலாம், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.


கண்டனூர்க்காரன் பதில்:

ஆசிரியை அக்காவும் மருந்துக்கடை அண்ணனும் சொன்னதை யோசித்தேன். மூலிகை சிகரெட்டிலும் தார் உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரே ஒரு கேள்வி, என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். அவர் கம் ஆரம்பித்தார், ஒரு கல்யாண வீட்டில் கூட்டாளிகளோடு ஒன்று பிடித்துவிட்டார், கம்மும் சிகரெட்டும் சேரக் கூடாது என்று பயந்து கம்மை எறிந்துவிட்டார். சேரக் கூடாதா?


பள்ளத்தூர் மருந்தாளுநர் பதில்:

எறிந்திருக்க வேண்டியது சிகரெட் பாக்கெட்டை தம்பி, கம்மை இல்லை. ஒன்று பிடித்ததால் ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. நிகோடின் கூடிப்போனால் குமட்டலும் தலைசுற்றலும் வந்து உடம்பே சொல்லிவிடும், அப்போது கொஞ்ச நேரம் எதுவும் போடாமல் இருந்தால் போதும். நிறைய பேர் இந்தப் பயத்தில் மருந்தை நிறுத்தி, மருந்து இல்லாததால் ஏக்கம் கூடி, பழைய கணக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். அன்றைக்கு விழுந்தது அன்றோடு போகட்டும், அடுத்த வேளைக் கம்மை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில், யாரோடு, என்ன குடித்துக்கொண்டு இருந்தபோது பிடித்தார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் சரக்கு உள்ளே போயிருக்கும், முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

சமையல் அண்ணே, உங்களுக்கும் கடைசியாக ஒன்று, கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்பதால். மென்று முடித்த கம்மிலும் எடுத்துப் போட்ட பேட்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும், சின்னப் பிள்ளைக்கு அது விஷம். கம்மைத் தாளில் சுற்றி மூடி போட்ட குப்பைக்கூடையில் போடுங்கள், பேட்சைப் பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்துப் போடுங்கள். அட்டையைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவைக்காமல் உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.


கோட்டையூர் சமையல் பதில்:

சரி தம்பி, அப்படியே செய்கிறேன். டாக்டரிடம் வரும் திங்கட்கிழமை பேட்ச் பற்றிக் கேட்டுவிடுகிறேன். ஆடி ஒன்றுக்கு வேண்டிய கம்மை உங்கள் கடையிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன், மெல்லுவதை நேரில் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.